தோலா, சுவிட்சா?

டிரம்ஸ் வாங்க வேண்டும். அசல் டிரம்ஸா, எலெக்ட்ரானிக்கா? கொச்சி பள்ளுருத்தியில் வாழ்ந்த ஒரு ஆர்மோனியக் கலைஞரின் கதையில் இந்தக் கேள்விக்குப் பாதி பதில் இருக்கிறது. மீதிப் பதில் பக்கத்து வீட்டுக்காரரிடம்.

தோப்பும்படி சந்திப்பைத் தாண்டித் தெற்கே இடக்கொச்சி பக்கம் போகும் சாலையில் பள்ளுருத்தி வருகிறது. 1967ல் கொச்சி மாநகராட்சி உருவானபோது அதில் சேர்க்கப்பட்ட பஞ்சாயத்துகளில் இதுவும் ஒன்று. மட்டாஞ்சேரியும் கோட்டைக் கொச்சியும் சுற்றுலாக்காரர்களுக்கு. பள்ளுருத்தி குடியிருப்பவர்களுக்கு. ஒரு வீட்டுச் சமையலறையில் கடுகு தாளித்தால் அடுத்த வீட்டில் தும்முகிற அளவுக்கு நெருக்கம்.

சத்தம் இந்த ஊருக்குப் புதிதல்ல. நாராயண குரு பிரதிஷ்டை செய்த பவானீஸ்வரர் கோயிலிலும் அழகியகாவு பகவதி கோயிலிலும் திருவிழா வந்தால் செண்டை முழங்கும். தேவாலயங்களில் பாடகர் குழு உண்டு. கொஞ்சம் வடக்கே போனால் மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில் மரபு: சிறிய அறை, ஒரு ஆர்மோனியம், ஒரு தபலா, விடிய விடியப் பாட்டு. மெஹபூப் பாடிய ஊர். தபலாக்காரராகத் தொடங்கி கஜல் பாடகரான உம்பாயி 2018ல் இறக்கும்வரை பாடிய ஊர்.

ஆனால் இந்தச் சத்தங்களுக்கு நாள், நேரம், காரணம் உண்டு. பத்தாம் வகுப்பு படிக்கிற பையன் தினமும் மாலை ஆறு மணிக்குப் பயிற்சி செய்கிற டிரம்ஸுக்கு அந்தச் சலுகை கிடையாது. தேவாலயக் குழுவிலோ கல்லூரி இசைக்குழுவிலோ சேர ஆசைப்படும் ஒரு பையனோ பெண்ணோ வீட்டில் டிரம்ஸ் கேட்டால், பெற்றோர் முதலில் யோசிப்பது விலையை. இரண்டாவதாக யோசிப்பது மதில் சுவரை. அப்போதுதான் கடைக்காரர் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்: "அக்கூஸ்டிக் வேணுமா, எலெக்ட்ரானிக் வேணுமா?"

ரசனை பற்றிய கேள்விபோலத் தோன்றுகிறது இது. உண்மையில் இதற்குள் இருப்பவை வேறு: கை எப்படிப் பழகும், காது எவ்வளவு தாங்கும், மேடையில் யாருக்குக் கூலி கிடைக்கும். இந்தியத் திரையிசை கடந்த 40 ஆண்டுகளாக இதே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறது. அதன் ஒரு முக்கியமான கண்ணி பள்ளுருத்தியில் இருக்கிறது.

பழனியிலிருந்து பள்ளுருத்திக்கு

எம்.கே. அர்ஜுனன், கேரளத்துக்கு 'அர்ஜுனன் மாஸ்டர்', 1936ல் கோட்டைக் கொச்சியில் பிறந்தவர். பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி. தந்தை சீக்கிரமே போய்விட, வறுமை விரட்டியது. அவரையும் அண்ணன் பிரபாகரனையும் தமிழ்நாட்டில், பழனியில் இருந்த ஜீவகாருண்யானந்த ஆசிரமத்தில் சேர்த்தார்கள். காரணம் எளிமையானது: அங்கே சோறு கிடைக்கும். பஜனையில் பையன் பாடுவதைக் கேட்ட ஆசிரமத் தலைவர் ஒரு வாத்தியாரை ஏற்பாடு செய்தார். சுமார் ஏழு வருடம் பழனியில் சங்கீதம் படித்துவிட்டு ஊர் திரும்பியவர் ஆர்மோனியத்தைப் பிடித்துக்கொண்டார். நாடகக் குழுக்கள் வாழ்க்கை கொடுத்தன. காளிதாச கலாகேந்திரம் நாடகக் குழுவில் ஜி. தேவராஜனோடு பழக்கம் ஏற்பட்டது. 1968ல் 'கறுத்த பௌர்ணமி' மூலம் சினிமா. அதற்குப் பிறகு இருநூறு படங்கள்வரை.

அந்தக் காலத்து மலையாளப் படப் பாடல்களின் ஒலிப்பதிவு பெரும்பாலும் சென்னையில்தான். அர்ஜுனனுக்கு அங்கே வாத்திய ஏற்பாடுகளைக் கவனித்தவர் ஆர்.கே. சேகர். 1976ல் சேகர் இறந்தபோது மகன் திலீப்குமாருக்கு ஒன்பது வயது. சேகர் விட்டுச்சென்ற வாத்தியங்களை வாடகைக்கு விட்டுக் குடும்பம் பிழைத்தது. அந்தப் பையனைக் கைதூக்கி விட்டவர்களில் அர்ஜுனன் மாஸ்டரும் ஒருவர். 1981ல் வெளியான 'அடிமச்சங்ஙல' படத்துக்காக அவரிடம் கீபோர்டு வாசித்ததுதான் திலீப்பின் தொடக்கம் என்று மாஸ்டரைப் பற்றிய குறிப்புகள் சொல்கின்றன. திலீப், பிறகு ஏ.ஆர். ரஹ்மான்.

தெற்கே டிரம்ஸ்காரர்கள் எவருடைய வருகையைக் கண்டு கவலைப்பட்டார்களோ, எவருக்குப் பிறகு தாளத்தைக் கணிப்பொறியில் கோப்பது சர்வசாதாரணம் ஆனதோ, அவர் ஒரு பழைய ஆர்மோனியக்காரரின் கைப்பிடித்து ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் வந்தவர். தோலும் சுவிட்சும் பரம்பரை எதிரிகள் என்று நினைப்பவர்கள் பள்ளுருத்திப் பக்கம் ஒருமுறை போய்வரலாம்.

விலக்கப்பட்ட பெட்டி

இன்னொரு செய்தியையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அர்ஜுனனுக்குச் சோறு போட்ட ஆர்மோனியமே ஒரு காலத்தில் குற்றவாளிக் கூண்டில் நின்ற வாத்தியம். ஐரோப்பாவிலிருந்து வந்த பெட்டி. ஸ்வரங்கள் அதில் நிலையாக நிற்கும், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போக முடியாது, கமகம் வராது. இந்திய இசைக்கு இது ஆகாது என்று 1940 மார்ச் முதல் அகில இந்திய வானொலி அதை விலக்கி வைத்தது. தாகூரும் அந்தப் பெட்டியை விரும்பியவரல்ல. 1971ல்தான் தடை தளர்ந்தது.

அன்று ஆர்மோனியத்தின் மீது வைத்த புகாரையே இன்று எலெக்ட்ரானிக் டிரம்ஸ் மீது வைக்கிறார்கள்: "படிக்கட்டு மாதிரி இருக்கிறது. இடையில் இருக்கிற நெளிவு வருவதில்லை." புகார் பொய்யல்ல. அன்றும் பொய்யாக இருக்கவில்லை. ஆனால் மட்டாஞ்சேரியின் மெஹ்ஃபில்களை ஆர்மோனியம் இல்லாமல் இன்று யாராலும் கற்பனை செய்ய முடியாது. குறையுள்ள வாத்தியத்தையும் மனிதர்கள் வாசித்து வாசித்துத் தமதாக்கிவிடுகிறார்கள்.

மூன்று பேர் வேலை

அசல் டிரம்ஸ் என்று நாம் பயபக்தியோடு சொல்லும் வாத்தியத்தின் பூர்வீகமும் அவ்வளவு புனிதமானதல்ல. பாண்டு வாத்தியக் குழுவில் பெரிய டிரம்முக்கு ஒருவர், சின்ன டிரம்முக்கு ஒருவர், ஜாலராவுக்கு ஒருவர் என்று மூன்று பேர் இருப்பார்கள். அரங்குக்குள் இடமும் இல்லை, கூலி கொடுக்க மனமும் இல்லை. 1909ல் அமெரிக்காவில் லுட்விக் என்பவர் வேகமாக இயங்கும் கால் மிதிக்குக் காப்புரிமை வாங்கினார். பெரிய டிரம்மைக் கால் பார்த்துக்கொள்ள, கைகள் மற்றதைப் பார்த்துக்கொண்டன. 1920களில் ஜாலராவும் காலுக்குக் கீழே வந்தது. மூன்று பேர் வேலையை ஒருவர் செய்யத் தொடங்கினார். ஆக, டிரம் செட்டே ஒரு ஆள்குறைப்பு இயந்திரம்தான்.

பெயரில்தான் தோல் வாத்தியம். 1950களின் பிற்பகுதியில் கன்றுக்குட்டித் தோலுக்குப் பதில் பாலியஸ்டர் படலம் வந்தது. ரெமோ பெல்லி 1957ல் தொடங்கிய நிறுவனம் அதை உலகெங்கும் பரப்பியது. ஈரக் காற்றில் தோல் தொய்ந்துவிடும், பிளாஸ்டிக் தொய்வதில்லை. வருடத்தில் பாதி நாள் மழையில் நனையும் கொச்சி மாதிரியான ஊருக்கு இது பெரிய வரம். செண்டைக்காரர்கள் இன்னும் மாட்டுத் தோலோடும் மழையோடும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். டிரம்ஸ்காரர் அந்தப் போராட்டத்திலிருந்து அறுபது வருடம் முன்பே தப்பித்துவிட்டார்.

இயந்திரம் வந்த பத்தாண்டு

1980ல் இரண்டு பெட்டிகள் வந்தன. அமெரிக்காவின் லின் எல்.எம்.1, அசல் டிரம்ஸின் ஒலியையே பதிவு செய்து சில்லுக்குள் வைத்திருந்தது. ஜப்பானின் ரோலண்ட் டி.ஆர்.808, ஒலியை மின்சுற்றிலேயே உண்டாக்கியது. 808 அன்றைக்கு நன்றாக விற்கவில்லை. 1983ல் உற்பத்தி நின்றது. அதன் ஒலி பிறகு உலகத்தின் பாதிப் பாடல்களுக்குள் நுழைந்தது வேறு கதை. 1981ல் இங்கிலாந்தின் சிம்மன்ஸ் அறுகோணத் தட்டுகளோடு ஒரு முழு எலெக்ட்ரானிக் செட்டைக் கொண்டுவந்தது. 1983ல் வெவ்வேறு நிறுவனங்களின் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள 'மிடி' என்ற பொதுமொழி ஏற்பட்டது.

எதிர்ப்பும் உடனே எழுந்தது. 1982ல் பிரிட்டிஷ் இசைக்கலைஞர் சங்கத்தின் மத்திய லண்டன் கிளை, சிந்தசைசர்களையும் டிரம் மெஷின்களையும் தடை செய்யவேண்டும் என்று தீர்மானம் போட்டது. சங்கம் மொத்தமாக அதை ஏற்கவில்லை. அதே 1982ல் பம்பாயில் சரண்ஜித் சிங் என்ற திரையிசைக் கலைஞர் 808ஐயும் அதன் கூட்டாளிக் கருவிகளையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அன்று யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010ல் மறுவெளியீடு ஆனபோது மேற்கத்திய விமர்சகர்கள் மூக்கில் விரல் வைத்தார்கள்.

சென்னையில் நிலைமை வேறு. எம்.எஸ். விஸ்வநாதன் காலத்து ஒலிப்பதிவுகளில் ஆங்கிலோ இந்தியரான நோயல் கிராண்ட் போன்றவர்கள் டிரம்ஸ் வாசித்தார்கள். இளையராஜாவின் ஒலிப்பதிவுகளில் புருஷோத்தமன் நீண்டகாலம் உட்கார்ந்திருந்தார். பெரிய கூடத்தில் எல்லா வாத்தியங்களும் ஒன்றாக ஒலிக்கும். ஒருவர் பிசகினால் எல்லோரும் மறுபடி. அந்த உலகத்துக்குள்தான் 1986ல் 'புன்னகை மன்னன்' வந்தது. கணிப்பொறி இசை என்ற பேச்சு பரவலாக எழுந்தது அப்போதுதான். 1992ல் 'ரோஜா'. வீட்டுப் பின்புறத்தில் சொந்த ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த இளைஞர், தாளத்தை அடுக்கடுக்காகக் கோத்துப் பாடல் செய்ய முடியும் என்று காட்டினார். கூடங்கள் சிறியதாயின. ஒரு நாளைக்கு இரண்டு 'கால்ஷீட்' என்று ஓடிக்கொண்டிருந்த பல தாள வாத்தியக்காரர்களின் நாட்குறிப்பில் வெற்றிடம் விழத் தொடங்கியது.

ஆனால் முழுதும் விழவில்லை. ரஹ்மானோடு இளமையில் 'ரூட்ஸ்' என்ற குழுவில் வாசித்த சிவமணி, 'டிரம்ஸ்' என்பதைப் பெயரின் முன்பாதியாகவே ஆக்கிக்கொண்டார். கையில் கிடைத்த பெட்டி, வாளி, பாத்திரம் எல்லாவற்றையும் தாள வாத்தியமாக்கினார். 2019ல் பத்மஸ்ரீ வந்தது. இயந்திரம் சரியாக வாசிக்கும் இடத்தில் மனிதனுக்கு வேலை குறைந்தது. எதிர்பாராததை வாசிக்கும் இடத்தில் கிராக்கி கூடியது.

ரப்பருக்குள் என்ன இருக்கிறது?

எலெக்ட்ரானிக் டிரம்ஸின் இயக்கத்தைப் புரிந்துகொண்டால் தேர்வு பாதி சுலபம். தட்டின் அடியில் ஒரு உணரி ஒட்டப்பட்டிருக்கிறது. அழுத்தம் பட்டால் மின்சாரம் உண்டாக்கும் பீங்கான் வில்லை அது. எரிவாயு அடுப்பு பற்றவைக்கும் லைட்டரில் 'டிக்' என்று பொறி வருகிறதே, அதே தத்துவம். குச்சி பட்டதும் எழும் மின்னழுத்தத்தை அளந்து, எவ்வளவு வேகமாக அடித்தார் என்று மூளைப்பெட்டி முடிவு செய்கிறது. அதற்கேற்ற ஒலியைத் தன் நினைவகத்திலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. மிடி மொழியில் அடியின் வேகத்துக்கு 1 முதல் 127 வரை படிகள். பிறகு எல்லாம் மூளைப்பெட்டியின் சாமர்த்தியம்.

127 படிகள் போதாதா என்று கேட்கலாம். பலத்த அடிகளுக்குப் போதும். தடுமாற்றம் மெல்லிய அடிகளில். ஸ்நேர் டிரம்மில் குச்சியை அழுத்திச் சிறுசிறு துள்ளல்களாக விட்டால் 'சர்ர்' என்று ஒரு நீண்ட ஒலி வரும். பிரஷ்ஷால் வட்டமாகத் தடவினால் வேறொரு ஒலி. விளிம்புக்கும் நடுவுக்கும் இடையே ஒவ்வொரு அங்குலத்திலும் குரல் மாறும். மலிவான எலெக்ட்ரானிக் தட்டுகள் இதையெல்லாம் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும். சில அடிகளை விட்டேவிடும். சில சமயம் ஒரு தட்டின் அதிர்வு பக்கத்துத் தட்டுக்குத் தாவி, அடிக்காத வாத்தியமும் ஒலிக்கும். விலை கூடக்கூட இந்தக் குறைகள் குறைகின்றன, மறைவதில்லை.

கைக்கும் வித்தியாசம் தெரியும். ரப்பர் குச்சியைத் திருப்பி அனுப்பும் விதம் வேறு, பாலியஸ்டர் படலம் அனுப்பும் விதம் வேறு. 1997ல் ரோலண்டின் 'வி டிரம்ஸ்' வலைத்துணி பொருத்திய தட்டுகளோடு வந்தபோது இந்த இடைவெளி பெரிதும் குறைந்தது. வலை என்பதால் காற்று ஊடுருவும், சத்தமும் குறையும். இன்று ஓரளவு குறைந்த விலைச் செட்டுகளிலும் வலைத் தட்டு வந்துவிட்டது. ரப்பரா வலையா என்ற கேள்வியைக் கடையில் கேட்காமல் யாரும் திரும்பி வரக்கூடாது.

மறுபக்கமும் உண்டு. 1984ன் கடைசி நாளில் நடந்த கார் விபத்தில் டெஃப் லெப்பர்ட் குழுவின் டிரம்ஸ்காரர் ரிக் ஆலனுக்கு இடது கை போய்விட்டது. இடது கை வாசித்த அடிகளைக் காலால் வாசிக்கும்படி ஒரு எலெக்ட்ரானிக் செட்டை அமைத்துக்கொண்டார். 1986ல் அதே குழுவோடு பெரிய மேடைக்குத் திரும்பினார். தோல் மட்டுமே இருந்திருந்தால் அவர் வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மதில் சுவருக்கு அந்தப் பக்கம்

அசல் டிரம்ஸை மனம்விட்டு அடித்தால் அடிப்பவர் காதில் 100 டெசிபலுக்கு மேல் போகும். குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவு பத்து மணிக்கு மேல் 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. ஓடு வேய்ந்த வீட்டில், திறந்த ஜன்னலோடு, இந்த விதியைக் காப்பாற்றிக்கொண்டு டிரம்ஸ் பழகுவது நடக்காத காரியம். விதியை விடுங்கள், பக்கத்து வீட்டில் இரவுப்பணி முடித்துத் தூங்குபவர், தேர்வுக்குப் படிக்கும் பெண், ரத்த அழுத்தம் உள்ள கிழவி யாராவது இருப்பார்கள்.

காதைப் பற்றி யாரும் சொல்வதில்லை. அமெரிக்கத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் 85 டெசிபலை ஒரு நாளில் எட்டு மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு மூன்று டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிடம். தினமும் ஒரு மணி நேரம் பழகுகிற பதினைந்து வயதுப் பையன், காதடைப்பான் இல்லாமல் அடித்தால், முப்பது வயதில் 'என்ன சொன்னே?' என்று இரண்டாம் முறை கேட்கத் தொடங்குவான். போன கேள்வித் திறன் திரும்பாது. எலெக்ட்ரானிக் செட்டில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஒலியைக் குறைக்கலாம். ஆனால் உற்சாகத்தில் முழு ஒலியில் வைத்தால் ஆபத்து அதேதான்.

எலெக்ட்ரானிக் என்றால் சத்தமே இல்லை என்பதும் கடைக்காரர்களின் வாக்குதான். ஹெட்ஃபோன் போட்டவருக்கு இசை. வெளியே இருப்பவர்களுக்கு 'டொக் டொக்' என்று குச்சிச் சத்தம். அதைவிடத் தொல்லை கால் மிதி. அந்த இடி தரை வழியாக இறங்கும். தரைத்தளத்தில் வீடு என்றால் கவலை குறைவு. மாடியில் என்றால் கீழ்வீட்டுக்காரர் தலையில் யாரோ தேங்காய் உடைப்பதுபோல இருக்கும். இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளை வரிசையாக வைத்து அதன் மேல் செட்டை ஏற்றுவது உலகெங்கும் டிரம்ஸ்காரர்கள் கண்டுபிடித்துவைத்திருக்கும் ஏழை வைத்தியம். நன்றாகவே வேலை செய்கிறது.

மேடைக் கணக்கு

கேரளத்தின் கானமேளா, தமிழ்நாட்டின் மெல்லிசைக் கச்சேரி இரண்டிலும் இந்த விவாதத்துக்குத் தீர்ப்பு வழங்கியது வாகன வாடகை. அசல் செட் என்றால் ஐந்தாறு டிரம், மூன்று நான்கு ஜாலரா, தாங்கிகள், தரைவிரிப்பு. ஏற்ற, இறக்க, பூட்ட, அவிழ்க்க ஆள் வேண்டும். மேடையில் ஒவ்வொரு டிரம்முக்கும் ஒரு மைக் வேண்டும். ஆம்ப்ளிஃபயர்காரர் அத்தனை மைக்கையும் சமன்செய்யத் தெரிந்தவராக இருக்க வேண்டும், பெரும்பாலும் இருக்கமாட்டார்.

1980களின் நடுவில் ரோலண்ட் 'ஆக்டபேட்' கொண்டுவந்தது. எட்டுத் தட்டு கொண்ட ஒரே பலகை. அதுவும் அதன் வாரிசுகளும் இந்திய மேடைகளைப் பிடித்துக்கொண்டன. இன்று எந்த நிறுவனத்தின் பெட்டியாக இருந்தாலும் நம் ஊரில் பெயர் 'பேட்'தான். ஒரு தோள்பையில் போகும். இரண்டு ஒயர் செருகினால் வேலை முடிந்தது. தவில், டோலக், கடம், செண்டை என்று எந்தக் குரலும் அதில் ஏற்றிக்கொள்ளலாம். முன்பு டிரம்ஸ், காங்கோ, தபலா, டோலக் என்று நான்கு பேர் உட்கார்ந்த இடத்தில் இப்போது பேட்காரர் ஒருவர், தபலாக்காரர் ஒருவர். மிச்சமான கூலி யார் கையில் போனது என்பது ஒவ்வொரு குழுவுக்கும் தெரியும். மேற்கே டிரம் செட் செய்ததை இங்கே நூறு ஆண்டுக்குள் பேட் செய்து முடித்தது.

ஆனால் தேவாலயங்களிலும் கல்லூரி ராக் குழுக்களிலும் அசல் செட்டுக்கு மவுசு குறையவில்லை. அதற்குத் தனியான காரணம் உண்டு. வாசிப்பவரின் உடல் தெரிகிறது. ஜாலரா அதிர்ந்து அடங்குகிறது. முன்வரிசையில் இருப்பவரின் நெஞ்சில் பெரிய டிரம் இடிக்கிறது. ஸ்பீக்கர் வழியாக வரும் ஒலி எல்லோருக்கும் ஒரே இடத்திலிருந்து வருகிறது. அசல் செட்டின் ஒலி அதை அடிக்கும் மனிதனிடமிருந்து வருகிறது.

கடைக்குப் போகும் முன்

சரி, எதை வாங்குவது? முதலில் எங்கே வாசிக்கப் போகிறார் என்று பாருங்கள். வாரம் ஒருமுறையாவது தேவாலயத்திலோ வகுப்பிலோ கல்லூரியிலோ அசல் செட்டில் உட்கார வாய்ப்பு இருந்தால், வீட்டுப் பயிற்சிக்கு வலைத் தட்டு உள்ள எலெக்ட்ரானிக் செட் நல்ல துணை. உள்ளேயே தாளமானி இருக்கும். வாசித்ததைப் பதிவு செய்து கேட்கலாம். தன் தவறு தனக்கே தெரிவதைப்போல ஒரு வாத்தியார் இல்லை.

அந்த வாய்ப்பே இல்லாமல் எலெக்ட்ரானிக்கில் மட்டும் பழகினால் ஒரு குறை படியும். ஒலியின் அளவைச் சுவிட்ச் பார்த்துக்கொள்வதால் கை அதைக் கற்றுக்கொள்ளாது. இப்படிப் பழகியவர் முதல்முறை அசல் செட்டில் உட்காரும்போது பாடகரின் குரல் மூழ்கிவிடும். மெதுவாக அடிப்பதுதான் டிரம்ஸில் கடினமான பாடம். அதைச் சொல்லிக்கொடுப்பது அசல் வாத்தியம் மட்டுமே.

தனி வீடு, சுற்றிலும் தோட்டம், அல்லது பயிற்சிக்கென்று ஒரு கூடம் இருப்பவர்கள் தயங்காமல் அசல் செட்டுக்குப் போகலாம். பயன்படுத்தியதாக இருந்தாலும் பரவாயில்லை. மரம் விரியாமல், வட்டம் கோணாமல் இருந்தால் இருபது வருடத்துப் பழைய டிரம்மும் புதுப் படலம் மாட்டினால் பேசும். எலெக்ட்ரானிக் செட்டின் மூளைப்பெட்டி பத்து வருடத்தில் பழங்கணக்கு ஆகிவிடும். உதிரிப்பாகம் தேடி அலைய வேண்டும். மறுவிற்பனையில் விலை சரியும். அடிக்கும்போது சத்தம் குறைக்க, டிரம்முக்கு ரப்பர் விரிப்பும் துளையிட்ட மெல்லொலி ஜாலராவும் கிடைக்கின்றன.

கடலோர ஊர்களுக்குத் தனி எச்சரிக்கை. உப்புக் காற்றில் தாங்கிகளும் திருகுகளும் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் தொட வேண்டும். மழைக்காலத்தில் மரத்தின் உட்புறம் பூஞ்சை பூக்கும். எலெக்ட்ரானிக் செட்டுக்கு எமன் இடி. ஐப்பசி, கார்த்திகை மாலைகளில் கேரளத்தில் இடி இறங்காத நாள் குறைவு. வாசித்து முடித்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கி வைக்க வேண்டும்.

இரண்டுக்கும் முன்னால் மூன்றாவது வழி ஒன்று உண்டு. ஒரு ஜோடி குச்சி, ஒரு ரப்பர் பயிற்சித் தட்டு. செலவு செட்டின் விலையில் மிகச் சிறு பங்கு. ஆறு மாதம் அதில் விடாமல் தட்டுகிற பிள்ளைக்கு எதை வாங்கிக் கொடுத்தாலும் வீண்போகாது. மூன்றாம் வாரமே தட்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டால் வீட்டில் பணம் மிச்சம், தெருவில் அமைதி.

அர்ஜுனன் மாஸ்டர் 2020 ஏப்ரல் 6ஆம் தேதி பள்ளுருத்தி வீட்டில் காலமானார். ஊரடங்கு நாட்கள், கூட்டமாக வந்து வழியனுப்ப யாராலும் முடியவில்லை. சிறுவயதில் தனக்கு அவர் காட்டிய அன்பையும் கொடுத்த ஊக்கத்தையும் ரஹ்மான் நினைவுகூர்ந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்னால்தான், எண்பது வயதைத் தாண்டிய மாஸ்டருக்கு, 'பயானகம்' படப் பாடல்களுக்காக 2017ஆம் ஆண்டின் சிறந்த இசையமைப்பாளர் என்ற கேரள அரசு விருது கிடைத்திருந்தது.

பழனியில் ஒரு ஆசிரமத் தலைவர், சோற்றுக்காக வந்த பையனிடம் பாட்டு இருப்பதைக் கேட்டார். அந்தப் பையன் வளர்ந்து, வாத்தியங்களை வாடகைக்கு விட்டுப் பிழைத்த வீட்டின் பிள்ளைக்குக் கீபோர்டு முன்னால் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். பள்ளுருத்தியின் ஏதோ ஒரு வீட்டில் இன்று மாலையும் ஒரு பிள்ளை சாப்பாட்டு மேசையை விரலால் தட்டிக்கொண்டிருக்கும். தோலா, சுவிட்சா என்பதைக் கடையில் முடிவு செய்துகொள்ளலாம். அந்தத் தட்டலை வீட்டில் யாராவது காது கொடுத்துக் கேட்கிறார்களா என்பதுதான் முதலில் முடிவாக வேண்டியது.